கொஞ்சம் பயமாத்தான் இருக்கு

டீச்சர் என்றுதான் எல்லோரும் அவரை இன்னும் கூப்பிடுகிறார்கள். பாடம் எடுப்பதை விட்டுப் பல காலம் ஆகிவிட்டது. சலவைக் கடைக்கு மேலே, எப்போதும் ஈர நீராவி வாசனை அடிக்கும் ஒரு அறையில், வேலை முடிந்து வருகிற பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். துப்புரவு வேலைக்காரர்கள், சமையல்காரர்கள், இந்த நாட்டில் வந்து இறங்கிய புதுசில் வாய் திறக்கவே கூசிய மனைவிமார்கள். அவர்கள் வைத்த பட்டப்பெயர் 'அப்சல்யூட்லி அக்கா'.

காரணம் இருந்தது. 'வெரி' என்ற சொல்லை டீச்சர் வகுப்புக்குள் விடமாட்டார்.

"வெரி டயர்டுன்னா யாரும் திரும்பிப் பார்க்கமாட்டாங்க. எக்ஸாஸ்டட்னு சொல்லுங்க. வெரி கோல்டு வேண்டாம், ஃப்ரீஸிங். வெரி டர்ட்டி வேண்டாம், ஃபில்தி. இதெல்லாம் வெயிட்டான வார்த்தை. முன்னாடி வெரி போட்டா கோவிச்சுக்கும். அப்சல்யூட்லி போட்டுக்கலாம்."

வகுப்பில் சிரிப்பு எழும். ஆனால் அந்தச் சொற்களைச் சொல்லும்போது அவர்கள் முதுகு நிமிர்வதை டீச்சர் பார்த்திருக்கிறார். சமையல்காரர் ஒருவர் தன் முதலாளியிடம் போய், அடுப்படி 'அன்பேரபிள்', தாங்கவே முடியவில்லை என்று சொல்லி ஒரு மின்விசிறி வாங்கிவிட்டார். அந்த வாரம் முழுக்க வகுப்பில் அதே பேச்சு.

வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது. பேருந்து ஓட்டும் கணவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "நான் அப்சல்யூட்லி எக்ஸாஸ்டட். சாப்பாட்ட எடுத்து வை" என்பார்.

சலவைக் கடைக்காரர் இடத்தை விற்றதும் வகுப்பும் போயிற்று. டீச்சர் தொலைபேசி மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்தார். வீட்டின் சின்ன அறையில் ஜன்னலை மூடி, கதவை மூடி, காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எங்கோ ஒரு மருத்துவமனையில் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் வந்து நிற்பார். அங்கிருந்து இணைப்பு வரும். இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்லி, அந்தப் பக்கம் கேட்டதை இந்தப் பக்கம் சொல்லவேண்டும். முகம் தெரியாது. டீச்சரின் பெயரும் அவர்களுக்குச் சொல்லப்படாது. வெறும் குரல்.

சேர்ந்த புதுசில் ஒரு தப்பு நடந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு கிழவர், "உயிர் போகுது டாக்டர்" என்றார். டீச்சர் தன் பழைய ஞாபகத்தில், இருக்கிறதிலேயே கனமான சொல்லைத் தேடி எடுத்து, வலி 'எக்ஸ்க்ரூஷியேட்டிங்', அதாவது சித்திரவதை, என்றார். மருத்துவர் பதறிப்போய் ஆம்புலன்ஸ் வரவழைத்துவிட்டார். கடைசியில் பார்த்தால் சாதாரணப் பிடிப்பு. கிழவர் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கையிலிருந்து எழுந்து, "நான் எப்பவும் சொல்றததானே சொன்னேன்" என்றாராம்.

மேற்பார்வையாளர் கூப்பிட்டுப் பேசினார். அவரும் தமிழ்க்காரர், அதே நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்து மேலே போனவர். அதட்டாத மனிதர்.

"டீச்சர், நம்ம ஆளுங்க சின்ன வலிக்கு உயிர் போகுதும்பாங்க. பெரிய வலிக்கு ஒண்ணுமில்லம்பாங்க. அத எடை போடறது டாக்டரோட வேலை. நம்ம வேலை அது இல்ல. உப்பைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சொன்னத சொன்னபடி."

டீச்சர் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு கனமான சொற்களைத் தொடவில்லை. 'கொஞ்சம்' என்றால் 'எ லிட்டில்'. 'ரொம்ப' என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு, 'வெரி'. வருஷக்கணக்கில் அவர்மேல் ஒரு புகாரும் வரவில்லை.

அந்தக் குரல் முதலில் வந்தது ஒரு கிளினிக்கிலிருந்து. இளம் பெண். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது என்று வந்திருந்தாள். கூடவே கணவன்.

"எப்படி ஆச்சுன்னு கேக்கறாங்க" என்றார் டீச்சர்.

பதில் உடனே வரவில்லை. அந்த இடைவெளியில் டிக், டிக் என்று ஒரு சத்தம். யாரோ மேஜைமேல் விரல் நகத்தால் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டல் நின்றது. நின்றதும் அவள் பேசினாள்.

"கதவுல இடிச்சுக்கிட்டேன். கொஞ்சம் வீங்கிடுச்சு."

டீச்சர் அப்படியே சொன்னார். நர்ஸ் வழக்கமாக எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்: வீட்டில் யாரைப் பார்த்தாவது ஸ்கேர்டா? டீச்சர் அதைத் தமிழில் சொல்ல வாய் திறப்பதற்குள் அவன் குரல் குறுக்கே வந்தது.

"நோ, நோ. நாட் ஸ்கேர்ட். ஷி இஸ் ஹேப்பி."

மென்மையான குரல்தான். சிரிப்புக்கூட இருந்தது. ஆங்கிலம் முழுக்கத் தெரியாது, ஆனால் எந்தச் சொல்லுக்குக் காதைத் தீட்டி வைத்திருக்கவேண்டும் என்று தெரிந்தவன். டீச்சர் முறைப்படி கேள்வியைத் தமிழிலும் கேட்டார். "இல்லைங்க" என்றாள் அவள்.

ஊரில் பகல் நேரத்துக்குத் தமிழ் மொழிபெயர்க்க இருந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அதனால் அடுத்த முறையும் டீச்சருக்கே இணைப்பு வந்தது ஆச்சரியமில்லை. இந்த முறை கையில் தீக்காயம். குரல் முன்னைவிடச் சன்னமாக இருந்தது. மறுபடி அந்தத் தட்டல். அது நிற்கும் வரை பதில் இல்லை.

"அடுப்புல பட்டுடுச்சு. கொஞ்சம்தான்."

எவ்வளவு பெரிசு என்று நர்ஸ் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த இன்னொரு நர்ஸிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அது மொழிபெயர்க்கச் சொன்ன பேச்சு இல்லை. டீச்சர் பேசாமல் இருந்தார். மருந்து, கட்டு, மறுபடி வரவேண்டிய நாள் எல்லாம் சொல்லி முடித்தபோது அவன் தொலைபேசிக்கு அருகில் வந்தான்.

"ரொம்ப தேங்க்ஸ் அக்கா. போன தடவையும் நீங்கதானே?"

அறையில் பேசப்படுவது எல்லாவற்றையும் மறுபக்கத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. டீச்சர் அதையும் நர்ஸுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நர்ஸ் சிரித்தாள். "பரவாயில்லையே, குரலை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறாரே" என்றாள். டீச்சர் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லும்போது தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

அன்று சாப்பிடும்போது கணவர், "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார்.

அழைப்பில் கேட்டதை வீட்டில் சொல்லக்கூடாது. "ஒண்ணுமில்ல. தலைவலி."

"கொஞ்சமா, ரொம்பவா? இல்ல உன் இங்கிலீஷ்ல ஏதாவது பெருசா இருக்கா?"

டீச்சர் சிரிக்கவில்லை. கணவர் அதற்குமேல் தோண்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவைத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் டீச்சர் முதலில் தேடியது அந்தத் தட்டலைத்தான். பூ விற்பவளின் சர்க்கரை நோய், ஒரு தகப்பனின் கண்புரை, யாருடைய குழந்தைக்கோ காய்ச்சல். தட்டல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு சீராகும். வராமல் இருந்தது நிம்மதியாகவும் இருந்தது, அவளுக்கு என்ன ஆயிற்றோ என்றும் இருந்தது.

ஒரு பிற்பகலில் போலீஸ் இணைப்பு வந்தது. பேசியது ஒரு பெண் அதிகாரி. ஒரு குடியிருப்பில் சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்லியிருக்கிறார், வந்து பார்த்தால் எல்லாம் அமைதியாக இருக்கிறது, அந்த அம்மாவிடம் சில வார்த்தை கேட்கவேண்டும் என்றார். தன் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேஜைமேல் வைத்தார். வைத்த சத்தம் அடங்கியதும் டீச்சருக்குக் கேட்டது: டிக். டிக். டிக்.

"வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர் பேசறேன். நீங்க சொல்றத அப்படியே அவங்ககிட்ட சொல்லுவேன்" என்று வழக்கமான முன்னுரையைச் சொன்னார். மறுபக்கம் ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. அவளும் குரலை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அக்காவா" என்றான் அவன், பழகிய ஆளைப் பார்த்தவன் மாதிரி.

அதிகாரி கேட்டார், டீச்சர் சொன்னார். என்ன சத்தம்? பாத்திரம் விழுந்தது. யாராவது அடித்தார்களா? இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா? இருக்கு. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் தட்டல் நின்றது. முடிந்ததும் மறுபடி தொடங்கியது. அதிகாரியின் குரலில் புறப்படும் தொனி வந்துவிட்டது. கடைசியாக, ஏன் கை நடுங்குகிறது என்று கேட்டார்.

"நீங்கள்லாம் வந்ததும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு" என்றாள் அவள். பிறகு, தட்டல் இன்னும் தொடங்காத அந்த ஒரு நொடியில், "நீங்க போனதும்..."

டிக்.

வாக்கியம் அங்கேயே நின்றது.

டீச்சர் வாயைத் திறந்தார். சொன்னபடி சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்தது: போலீஸைப் பார்த்து இவளுக்கு எ லிட்டில் பயம், அப்புறம் முடியாத ஒரு பாதி வாக்கியம். அதிகாரி சிரித்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, தொலைபேசியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிடுவார். 'பயமாத்தான்' என்பதில் இருந்த அந்தத் 'தான்' என்பதற்கு ஆங்கிலத்தில் இடமே இல்லை. தமிழ் காதில் பட்டு வளர்ந்த எவருக்கும் அந்தத் 'தான்' எங்கே போய்க் குத்துகிறது என்று தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும்.

விளக்கம் கேட்கவும் வழியில்லை. தமிழில் எது கேட்டாலும் அவனும் கேட்பான். ஆங்கிலத்திலும் 'அஃப்ரெய்ட்', 'ஸ்கேர்ட்', 'ஹிட்', 'ஹஸ்பண்ட்' எல்லாம் அவன் காத்துக்கொண்டிருந்த சொற்கள். 'டெரிஃபைட்' கூட ஆகாது. 'டெரர்' தெரியாதவன் இன்று யார்?

சலவைக் கடை மாடியில் கரும்பலகையின் கோடியில் எழுதிப்போட்டு, இதையெல்லாம் நீங்க எங்க சொல்லப்போறீங்க என்று சிரித்துவிட்டு அழித்த ஒரு சொல் இருந்தது. பயத்தில் கல்லாய்ச் சமைந்துபோவது.

டீச்சர் குரலைத் துளியும் உயர்த்தாமல், மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரி சொன்னார்: "ஷி இஸ் பெட்ரிஃபைட், ஆஃபிசர். ஆஃப் யுவர் டிபார்ச்சர்."

தட்டல் நின்றது.

 புறப்பாடு என்கிற அந்த டிபார்ச்சர் விமான நிலையப் பலகைகளில் எழுதியிருக்குமே, படித்திருப்பானே என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. பிடித்திருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

அதிகாரி பேசியபோது, கடையில் விலை கேட்கிற தொனியில் பேசினார். எந்தப் பக்கத்து வீட்டிலிருந்து புகார் வந்திருக்கலாம் என்று இந்த அம்மா கீழே வந்து காட்ட முடியுமா?

டீச்சர் சொன்னார்.

"நான் காட்டறேன்" என்றான் அவன்.

வேண்டாம், அந்த அம்மாவே வரட்டும் என்றார் அதிகாரி. நாற்காலி நகர்ந்தது. "செருப்பு..." என்று அவள் தொடங்கினாள், பிறகு அதற்கும் நிற்காமல் போனாள் போலிருக்கிறது. கதவு திறந்தது. வெறும் காலடி படியில் இறங்கி மங்கியது.

கூட வந்திருந்த இன்னொரு போலீஸ்காரர் அறையிலேயே இருந்தார். தொலைபேசியும் மேஜையிலேயே இருந்தது. இணைப்பைத் துண்டிக்க டீச்சருக்கு உரிமை இல்லை. அவர்கள்தான் துண்டிக்கவேண்டும்.

"அக்கா" என்றான் அவன். குரல் மிக அருகில், காதுக்குள்ளேயே வாய் வைத்துப் பேசுவதுபோல் கேட்டது. "கடைசியா ஒரு வார்த்தை சொன்னீங்களே. அதுக்கு என்ன அர்த்தம்?"

பேசப்படுவது எல்லாவற்றையும் சொல்லவேண்டும். டீச்சர் போலீஸ்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: நான் பயன்படுத்திய ஒரு சொல்லின் பொருளை என்னிடம் கேட்கிறார்.

உட்காரச் சொல்லுங்கள் என்றார் போலீஸ்காரர்.

"உக்காரச் சொல்றார்."

"நான் உக்காந்துதான் இருக்கேன் அக்கா."

இணைப்பு அறுந்தது.

டீச்சர்மேல் அலுவலக விசாரணை மறுவாரம் நடந்தது. புகார் கொடுத்தவன் அவன்தான். மனைவி சொல்லாததை மொழிபெயர்ப்பாளர் சொல்லி, ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டார் என்று வழக்கறிஞர் மூலம் சொல்லியிருந்தான். மேற்பார்வையாளர் பதிவை ஓடவிட்டார். தன் குரலையும் அந்தத் தட்டலையும் வெளியிலிருந்து கேட்டபோது டீச்சருக்குக் குளிரெடுத்தது.

"இதுல பெட்ரிஃபைட்னு எங்க இருக்கு டீச்சர்? காட்டுங்க."

"பயமாத்தான்ல இருக்கு."

"அவ கொஞ்சம்னுல்ல சொல்றா."

"கொஞ்சம்னுதான் சொல்லுவா. வேற எப்படிச் சொல்லுவா, பக்கத்துல அவன வச்சுக்கிட்டு?"

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்தப் பொண்ண அன்னிக்கு சாயங்காலமே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காங்க. விலா எலும்பு உடைஞ்சிருந்துதாம். பழசும் புதுசுமா. இத நான் உங்ககிட்ட சொல்லக்கூடாது, சொல்லிட்டேன்." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நீங்க சொன்னது உண்மைதான். ஆனா அவ சொன்னது அது இல்ல. நாளைக்கு இன்னொருத்தர் இதே மாதிரி யூகிச்சுச் சொல்லி, அது பொய்யாப் போனா? முதுகுவலிக் கிழவர ஞாபகம் இருக்கா?"

டீச்சர் தலையாட்டினார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எச்சரிக்கை கொடுத்தார்கள். போலீஸ் இணைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். மருத்துவ இணைப்பு மட்டும் என்றார்கள்.

"அவ இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டார் டீச்சர், எழுந்திருக்கும்போது.

"தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன். நீங்களும் தெரிஞ்சுக்காதீங்க. அது உங்களுக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது."

அவன் மீதான வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அவன் ஜாமீனில் வெளியில்தான் இருந்தான். டீச்சர் கடை வரிசையில் நிற்கும்போது பின்னால் தமிழ்க் குரல் கேட்டால் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முன்பெல்லாம் அறிமுகமில்லாத தமிழ்க்காரர்களிடம் தானே போய்ப் பேசுகிறவர், இப்போது ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்தார். அவனிடம் இருந்தது குரல் மட்டும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். இருந்தாலும் வெளியில் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டார்.

கணவரிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், விதி கிடக்கட்டும் என்று. அவர் முழுக்கக் கேட்டார். கிண்டல் எதுவும் செய்யவில்லை.

"பஸ்ஸுல நான் கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் ஓட்டுவேன்" என்றார் கடைசியில். "யாரோ ஒருத்தன் ஒருத்திய நெருக்கி உக்காந்திருப்பான். அவ ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே இருப்பா. நான் வண்டிய நிறுத்தி ஒரு தடவை கூட கேட்டதில்ல. டயத்துக்குப் போகணுமேன்னு போயிடுவேன்." மறுநாள் வாசல் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் ஒன்றை அவரே பொருத்தினார்.

மழை ஓய்ந்த ஒரு காலையில், பல் மருத்துவமனையிலிருந்து இணைப்பு வந்தது. டீச்சர் முன்னுரையைச் சொன்னார்.

"அக்கா" என்றது அந்தப் பக்கம். "நீங்கதானா. எத்தனை இடத்துல பல்லுக்குக் காட்டினேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் வேற யாரோ வந்தாங்க."

அவன்தான். அழைப்பை வேறு மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றிவிடலாம், அதற்கு ஒரு பொத்தான் உண்டு. விரல் அதன்மேல் போனது. மாற்றினால் பயந்துவிட்டது அவனுக்குத் தெரிந்துவிடும். அந்தத் திருப்தியை அவனுக்குக் கொடுக்கக்கூடாது என்று தோன்றியது. அவன் சொன்னதை அட்சரம் பிசகாமல் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். மருத்துவர் குழம்பிப்போய், சரி, வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள் என்றார்.

"கொஞ்சம்தான். கொஞ்சம்னா கொஞ்சம்னே சொல்லுங்க அக்கா. கூட்டாதீங்க."

"இட் ஹர்ட்ஸ் எ லிட்டில்" என்றார் டீச்சர். கூட்டவேண்டாம் என்று அவன் தன்னிடம் சொன்னதையும் சொன்னார்.

மருத்துவர் வாய்க்குள் பார்த்திருக்கவேண்டும். இத்தனை சீழோடு எப்படி நடமாடினீர்கள், எப்போது தொடங்கியது என்று கேட்டார். டீச்சர் கேட்டார்.

"அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

டீச்சர் அதையும் மொழிபெயர்த்தார். பிறகு, மொழிபெயர்ப்பாளர் தன் சார்பில் பேசுவதாக அறிவித்துவிட்டு, ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே மாதிரி சொன்னார்: "எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன். இந்த ஆள் தன் மனைவியைத் தேடறார். இது பதிவாகுது."

மறுபக்கம் மருத்துவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது.  அவன் மூச்சு மட்டும் சீராக, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. பிறகு மருத்துவர் இணைப்பைத் துண்டித்தார்.

பதிவு போலீஸுக்குப் போனது. மனைவியைத் தேடக்கூடாது என்ற ஜாமீன் நிபந்தனையை அவன் மீறினான் என்று பிடித்து உள்ளே வைத்தார்கள். எத்தனை நாளைக்கு என்று யாரும் டீச்சரிடம் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் அவருக்கு வேறு ஊர்களின் இணைப்பைப் போட்டுக் கொடுத்தார். டீச்சர் வேலையை விடவில்லை. விட்டுவிடலாமே என்று கணவர் ஒரு தடவை கேட்டார். "விட்டா, அடுத்து அந்தப் பொண்ணு பேசறப்ப அந்தப் பக்கம் யாரு இருப்பாங்க?" என்றார் டீச்சர். அவள் இனிமேல் டீச்சரின் இணைப்பில் வருவது நிச்சயமில்லை என்பதைக் கணவரும் எடுத்துச் சொல்லவில்லை.

அவளுடைய குரல் அதற்குப் பிறகு வரவில்லை. எங்கோ ஒரு ஊரில், மொழிபெயர்க்க ஆள் தேவைப்படாத அளவுக்கு அவள் பேசக் கற்றுக்கொண்டிருக்கலாம். பேசவே வேண்டாத இடத்துக்குப் போயிருக்கலாம். எது என்று டீச்சருக்குத் தெரியாது. காலையில் ஜன்னலை மூடி, கதவை மூடி, கருவியை மாட்டிக்கொள்கிறார். இணைப்பு வந்ததும், வணக்கம் சொல்வதற்கு முன்னால், மறுமுனையில் உள்ள அறை எப்படி இருக்கிறது என்று ஒரு நொடி கேட்டுக்கொண்டிருக்கிறார்.